கம்ப்யூட்டருக்கு வயதா, பாரமா?

(செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கான தொடர்கல்வி மையம் ஒன்றில் பேசிய பேச்சு)

அக்கா, அண்ணன், தம்பி, தங்கை எல்லோரும் வேலை முடிந்து நேராக வந்திருக்கிறீர்கள். அதனால் நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம் மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஓர் அலுவலகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கியது. நமக்குக் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டால் திரை தயாராக ஐந்து நிமிடம் ஆகிறது. செய்தித்தாள் பக்கத்தைத் திறக்க இன்னும் இரண்டு நிமிடம். படிக்க வந்தவர் எவ்வளவு நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்காருவார்? வீட்டில் அடுப்பு வேலை இருக்கிறது. எழுந்து போய்விடுகிறார். நாலு நாள் இப்படி எழுந்து போனவர் ஐந்தாம் நாள் வருவதே இல்லை. புதிதாகக் கற்ற எழுத்து தினமும் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் மங்கிவிடும். இது உங்களுக்கே தெரியும். ஆகவே இந்தக் கம்ப்யூட்டரின் வேகம் நமக்குச் சின்ன விஷயம் இல்லை.

"காயலான் கடைக்குப் போடுங்கள்" என்கிறார்கள் சிலர். "புதிது வாங்கப் பணம் எங்கே?" என்கிறார்கள் மற்றவர்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். இது ஏன் மெதுவாக ஓடுகிறது? அதை யாராவது பார்த்தோமா?

ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை. நம் ஊருக்கு மேற்கே, மும்பை போகும் நெடுஞ்சாலைப் பக்கம், பீரம்குடா என்ற இடம் இருக்கிறது. இன்று அங்கே அடுக்கு மாடி வீடுகள் நிறைந்துவிட்டன. 2000-ஆம் ஆண்டில் அது மேதக் மாவட்டத்துக் கிராமம். அந்த ஆண்டு பிப்ரவரி மாதம் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் அங்கே ஓர் எழுத்தறிவு வகுப்பைத் தொடங்கியது. அதற்கு வழி வகுத்தவர் எஃப்.சி. கோலி. இந்தியாவில் மென்பொருள் தொழிலை வளர்த்த முன்னோடி அவர். 2020-இல் காலமானார்.

அந்த வகுப்பில் கம்ப்யூட்டர்தான் பாடம் நடத்தியது. திரையில் தெலுங்குச் சொல் வரும். படம் அசையும். குரல் ஒன்று அந்தச் சொல்லை உச்சரிக்கும். எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்ய வேண்டாம். சொல்லைச் சொல்லாகவே அடையாளம் காணலாம். தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே அவர்கள் அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 40 மணி நேரப் பயிற்சி. அதற்குள் ஒருவர் சாதாரணமாக வாசிக்க வேண்டும் என்பது திட்டம். பிறகு தமிழிலும் அந்தப் பாடம் வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன்? அந்தப் பாடம் 486 என்ற வகைக் கம்ப்யூட்டரிலும் ஓடும்படி தயாரிக்கப்பட்டது. 486 என்பது 1989-இல் வந்த வகை. 2000-இல் அலுவலகங்கள் அதை மூலையில் தூக்கிப் போட்டிருந்தன. அதன் நினைவகம் எட்டு மெகாபைட்டோ பதினாறு மெகாபைட்டோதான் இருக்கும். நம் மேசையில் இருப்பதன் நினைவகம் 2 ஜிகாபைட். நூறு மடங்குக்கும் மேல்! அந்தச் சின்ன கம்ப்யூட்டரில் பாடம் நடந்தது. நூறு மடங்கு பெரியது தவழ்கிறது. அப்படியென்றால் குறை வயதில் மட்டும் இல்லை. ஏற்றிய பாரத்திலும் இருக்கிறது.

நினைவகம் என்றால் என்ன? உங்கள் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு மேடை இருக்கிறது. பரண் இருக்கிறது. சமைப்பவர் இருக்கிறார். கம்ப்யூட்டரில் சமைப்பவரின் பெயர் பிராசஸர். மேடையின் பெயர் நினைவகம். கடைக்காரர்கள் அதை ரேம் என்பார்கள். பரணின் பெயர் ஹார்ட் டிஸ்க். வேலை நடக்கும்போது எல்லாம் மேடையில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பரணில் வைக்கலாம்.

மேடை சின்னது, சமைப்பதோ பத்து வகை என்றால் என்ன செய்வீர்கள்? குழம்புச் சட்டியை வைக்க இடம் இல்லை. மாவுப் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவீர்கள். உடனே மாவு வேண்டும். சட்டியை ஏற்றி, மாவை இறக்குவீர்கள். அன்றைக்குச் சமையல் நடக்காது. ஏணியில் ஏறி இறங்குவதுதான் நடக்கும். நம் கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது. அந்த ஏற்றி இறக்கும் வேலைக்கு ஸ்வாப் என்று பெயர்.

அந்தப் பரணும் சாதாரணப் பரண் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழல்கிறது. சிறிய வகையில் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஓர் ஊசி அதன் மேல் அங்கும் இங்கும் நகர்ந்து தேட வேண்டும். மேடையில் இருந்து ஒரு பொருளை எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். நான் கூட்டிச் சொல்லவில்லை. வித்தியாசம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு. சமைப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்து என்ன பயன்?

சரி, நம் கம்ப்யூட்டரில் நடப்பது இதுதான் என்று எப்படித் தெரியும்? கேட்டால் அதுவே சொல்லும். நம்முடையதில் இருப்பது உபுண்டு. கன்ட்ரோல், ஆல்ட், டி என்ற மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புப் பெட்டி ஒன்று வரும். அதில் டி, ஓ, பி என்று மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். எந்த வேலை எவ்வளவு பாரம் என்று ஒரு பட்டியல் ஓடும். மேலே மூன்றாம் வரியில் டபிள்யூ, ஏ என்ற இரண்டு எழுத்துக்கு முன்னால் ஓர் எண் இருக்கும். சமைப்பவர் சும்மா நின்று பரணைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் அது. நூற்றுக்கு எத்தனை பங்கு என்று காட்டும். நேற்று நான் பார்த்தபோது நம் கம்ப்யூட்டரில் அது எழுபதுக்குப் பக்கம் இருந்தது. அதாவது பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் காத்திருப்பு. பார்த்து முடித்ததும் க்யூ எழுத்தைத் தட்டினால் பட்டியல் மறையும்.

அடுத்து எஃப், ஆர், ஈ, ஈ என்ற நான்கு எழுத்து. பிறகு ஓர் இடம் விட்டு, ஒரு சிறு கோடு, அதை ஒட்டி ஹெச். இது மேடையின் அளவைக் காட்டும். முதல் வரி நினைவகம். இரண்டாம் வரி ஸ்வாப். இரண்டாம் வரியில் பெரிய எண் ஏறியிருந்தால் மேடை போதவில்லை என்று பொருள். முதல் வரியில் "காலி" என்ற இடத்தில் சின்ன எண் இருந்தால் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் இடத்திலும் எதையாவது வைத்துக்கொள்வது இந்த இயங்குதளத்தின் பழக்கம். கேட்டால் உடனே காலி செய்து தரும். வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். கிடைக்கக்கூடிய இடம் அதுதான்.

இப்போது "இயங்குதளம்" என்று ஒரு சொல் சொன்னேன். வீட்டுக்குப் பெரியவர் ஒருவர் இருப்பார். யாருக்கு எந்த அறை, யார் எப்போது குளிப்பது என்று அவர்தான் பார்ப்பார். கம்ப்யூட்டருக்குள் அந்தப் பெரியவர்தான் இயங்குதளம். கடையில் விற்கும் பல கம்ப்யூட்டர்களில் இருப்பது விண்டோஸ். நம்முடையதில் இருப்பது லினக்ஸ் குடும்பம். உபுண்டு அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

லினக்ஸ் 1991-இல் பிறந்தது. பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரத்தில் படித்த ஒரு மாணவர் அதை எழுதத் தொடங்கினார். பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு 21 வயது. அவர் கம்ப்யூட்டரின் நினைவகம் 4 மெகாபைட்! எழுதியதை எல்லோருக்கும் திறந்து வைத்தார். இன்றுவரை உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் திருத்தி வளர்க்கிறார்கள். அதற்கும் முன்னால், 1983-இல், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இந்த வழியை அறிவித்திருந்தார். மென்பொருளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அந்த வழி. தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். நம் ஐதராபாத்திலேயே ஸ்வேச்சா என்ற இயக்கம் இதற்காக வேலை செய்கிறது. தெலுங்கிலேயே பேசும் இயங்குதளம் ஒன்றை உருவாக்கியவர்கள் அவர்கள். சென்னையில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் என்ற லினக்ஸை உருவாக்கியது. அதில் தமிழும் உண்டு.

காசு கொடுக்க வேண்டாம் என்பது இதில் சின்ன லாபம்தான். பெரிய லாபம் வேறு. இந்த வீட்டுக்கு நாமே சொந்தக்காரர். வேண்டாத சாமானை வெளியே எடுக்கலாம். கனமான கதவைக் கழற்றி இலேசான கதவை மாட்டலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

நம் உபுண்டுவின் முகப்புக்கு க்னோம் என்று பெயர். பார்க்க அழகு. ஆனால் எழுந்து நிற்பதற்கே ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் கேட்கும். நம் மேடையே இரண்டுதான். பாதி மேடையைப் பூந்தொட்டி அடைத்துக்கொண்டால் சமைப்பது எங்கே? எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி என்று இலேசான முகப்புகள் இருக்கின்றன. ஏறத்தாழ பாதி இடத்தில் வேலை செய்யும். அதை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பழையது அழியாது. உள்ளே நுழையும்போது, கடவுச்சொல் கேட்கும் இடத்தில், பல்சக்கரம் போன்ற படம் ஒன்று இருக்கும். அதைத் தொட்டு எந்த முகப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவில்லையா? மறுநாள் பழையதற்கே போகலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கம்ப்யூட்டரில் உங்கள் குழந்தையின் மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டைப் படம், கல்யாணப் போட்டோ இருக்கும். முதலில் அவற்றைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று நின்றுவிடும். மெதுவாக ஓடுவதே சில சமயம் அதற்கு முன் அறிகுறி. "டக், டக்" என்று சத்தம் வந்தால் வேறு எந்த வேலையும் வேண்டாம். நகல் மட்டும் எடுங்கள்.

முகப்பை மாற்றினால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. இன்றைக்கு மேடையை அதிகம் அடைப்பது இணையப் பக்கம் திறக்கும் உலாவிதான். ஃபயர்ஃபாக்ஸ், குரோம் எல்லாம் அந்த வகை. ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். செய்தி பத்து வரி. அதைச் சுற்றி ஆடும் விளம்பரம் இருபது. பாரம் செய்தியால் வருவதில்லை, விளம்பரத்தால் வருகிறது. விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற சிறு நிரலை ஃபயர்ஃபாக்ஸில் சேர்க்கலாம். அதற்கும் காசு இல்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் மூடிவிடுங்கள். பத்துப் பக்கத்தைத் திறந்து வைத்து, "கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது" என்றால் அது என்ன செய்யும், பாவம்!

காலையில் போட்டவுடன் முதல் பத்து நிமிடம் மட்டும் மெதுவாக இருந்தால், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தாதீர்கள். பாதுகாப்புக்கு அது வேண்டும். டீ போட்டுவிட்டு வாருங்கள்.

இந்தக் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்ட நூறு தந்திரம் இருக்கிறது என்று சில பையன்கள் சொல்வார்கள். இந்த எண்ணை மாற்று, அந்தக் கோப்பில் ஒரு வரி சேர் என்பார்கள். என் அனுபவத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றால் பலன் தெரிவதில்லை. ஒன்று மட்டும் செய்து பார்க்கலாம். அதன் பெயர் இசட்-ரேம். சேலைகளை அழுத்தி மடித்தால் அதே பெட்டியில் இன்னும் நாலு சேலை வைக்கலாம் அல்லவா? அதுபோல நினைவகத்தில் இருப்பதை அழுத்தி மடித்து வைக்கும். பரணில் ஏறும் வேலை குறையும்.

இத்தனைக்குப் பிறகுதான் பணம் செலவழிப்பது. எதற்குச் செலவழிக்கலாம்? இரண்டுக்குத்தான். ஒன்று, மேடையைப் பெரிதாக்குவது. 2 ஜிகாபைட்டை 4 ஆக்கினால் நன்று. 8 ஆனால் இன்னும் நன்று. இரண்டு, சுழலும் தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற புது வகைப் பரண் வைப்பது. அதில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை, ஏணியும் இல்லை. கை நீட்டினால் எடுக்கும் அலமாரி போல. பழைய கம்ப்யூட்டருக்கு எதையாவது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? ஃப்ரீ காட்டிய ஸ்வாப் வரியைப் பாருங்கள். அது எப்போதும் நிறைந்திருந்தால் முதலில் ரேம். அது காலியாக இருந்தும் தொடங்கவே நேரம் ஆனால் முதலில் எஸ்எஸ்டி.

ரேம் வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். டிடிஆர்-2, டிடிஆர்-3, டிடிஆர்-4 என்று வகை உண்டு. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றில் மற்றது நுழையாது. கம்ப்யூட்டரின் மாதிரி எண்ணையும் எழுதி எடுத்துப் போங்கள். அது எவ்வளவு வரை தாங்கும் என்று கடைக்காரர் பார்த்துச் சொல்வார். பாரடைஸ் சந்திப்புக்குப் பக்கத்தில், பார்க் லேனில், செனாய் டிரேட் சென்டர் இருக்கிறது. அடுக்கடுக்காகக் கம்ப்யூட்டர் கடைகள். பயன்படுத்திய சாமானும் கிடைக்கும். விலை அடிக்கடி ஏறி இறங்கும். நாலு கடை கேட்டுவிட்டு வாங்குங்கள். ரசீது கேளுங்கள். நீங்கள் இப்போது ரசீது படிப்பீர்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

போன வாரம் ஒரு தங்கை கேட்டாள். "அண்ணா, எங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் 10. இனிமேல் அது உதவாதாமே?" 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாளே கம்ப்யூட்டர் நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் வழக்கம்போல அடைக்க ஆள் இல்லை. பழைய கம்ப்யூட்டர்கள் பல அடுத்த விண்டோஸுக்குத் தகுதி பெறுவதில்லை. இவற்றில் நல்ல கம்ப்யூட்டர்களும் உண்டு. லினக்ஸ் போட்டால் ஆண்டுக்கணக்கில் ஓடும். பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது எதுவும் அழியாது. ஒலி வருகிறதா, இணையம் வருகிறதா, தமிழ் எழுத்து தெரிகிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். மிகப் பழையவற்றில் 32 பிட் என்று ஒரு வகை உண்டு. லினக்ஸ் குடும்பத்திலேயே பலர் அதைக் கைவிட்டுவிட்டார்கள். உபுண்டு 2019-இல் நிறுத்தியது. பெரியண்ணன் போன்ற டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில், அதை அந்த வகையில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்தியது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் கையில் இருந்தால் தட்டச்சு பழகலாம், சேமித்து வைத்த பாடங்களைப் படிக்கலாம். வீடியோ பார்க்க முடியாது. அதற்குப் பணம் போடாதீர்கள். எறிவதாக இருந்தாலும் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள். உள்ளே ஈயம் இருக்கும். ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். மின் கழிவு வாங்கப் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஒன்று தூசி. நம் ஊர்த் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஒரு விசிறி இருக்கிறது. அதில் தூசி அடைத்தால் பிராசஸர் சூடாகும். சூடானால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எரிந்துபோகாமல் இருக்க அது செய்யும் தந்திரம். சித்திரை, வைகாசியில் மட்டும் கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தால் முதலில் விசிறியைப் பாருங்கள்.

இன்னொன்று, பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. 2032 என்று எழுதியிருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே கடிகாரம் ஓட அதுதான் காரணம். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்போது பல இணையப் பக்கங்கள் திறக்காது. "இணையம் கெட்டுப்போச்சு" என்று ஆளைக் கூப்பிடுவோம். பெட்டிக்கடையில் கூடக் கிடைக்கும் பேட்டரிதான் குறை.

நம் கம்ப்யூட்டரை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நேற்று இரவு நகல் எடுத்தேன். இலேசான முகப்பைப் போட்டேன். விளம்பரத் தடுப்பைச் சேர்த்தேன். ஐந்து நிமிடம் மூன்று ஆனது. பைசா செலவில்லை. ஆனாலும் மூன்று நிமிடம் நமக்கு அதிகம். டபிள்யூ, ஏ எண் இன்னும் இறங்கவில்லை. ஆகவே உங்கள் சந்தாப் பணத்தில் ஒரு ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் வாங்கி வந்திருக்கிறேன். ரசீது அதோ, பலகையில் குத்தியிருக்கிறது. எல்லோரும் படிக்கலாம்.

இப்போது இதை நீங்களே மாட்டப் போகிறீர்கள். முதலில் கரண்ட் ஒயரைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அடுத்து, பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொடுங்கள். கையில் உள்ள சிறு மின்சாரம் அதில் இறங்கிவிடும். இல்லாவிட்டால் ரேம் கெடலாம். விசிறியைப் பிரஷ்ஷால் துடைக்கும்போது அது சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ரேமை நுழைக்கும்போது வெட்டு பொருந்துகிறதா என்று பார்த்து, இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். "க்ளிக்" என்று கேட்கும். முதலில் யார் வருகிறீர்கள்? அக்கா, நீங்கள் வாருங்கள். தையல் மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டுப் பழகிய கை உங்களுடையது. தம்பி, டார்ச்சை இப்படிப் பிடி.